விற்பவனின் மௌனம்: கிளை உரிமை விற்பனையும் குறை சொல்லும் கடமையும்

ஆரணியில் பட்டுப்புடவை எடுக்கச் செல்லும் அனுபவமுள்ள பெண்மணி, கடைக்காரரின் வாய்ச்சொல்லை மட்டும் நம்பிப் பணத்தை எடுப்பதில்லை. முந்தானையை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். சரிகையை நகத்தால் இலேசாகச் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா என்று கவனிப்பார். ஓரத்தில் தொங்கும் இழையொன்றைப் பிரித்து எரித்து, முடி கருகும் வாடை வருகிறதா, சாம்பல் விரலிடையே பொடியாகிறதா என்றும் சோதிப்பார். இவ்வளவு தெரியாதவர்களுக்கும் இன்று துணை உண்டு. மத்தியப் பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004இல் தொடங்கப்பட்ட ‘சில்க் மார்க்’ முத்திரை, துணி தூய பட்டுதான் என்று சான்று கூறுகிறது. ஆரணிப் பட்டுக்கெனப் புவிசார் குறியீடும் பதிவாகியுள்ளது. புடவையோடு சேர்த்து எடுக்கும் தங்க நகைக்கு ஹால்மார்க் முத்திரை 2021ஆம் ஆண்டு ஜூன் முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டு வருகிறது.

ஆனால் தமிழகத்தின் மற்றச் சிறு நகரங்களைப் போலவே ஆரணியிலும் இப்போது வேறொரு சரக்கு விலை பேசப்படுகிறது. அதைச் சுரண்டிப் பார்க்க முடியாது. எரித்துப் பார்க்கவும் முடியாது. அந்தச் சரக்கு ஒரு பெயர். பிரியாணிக் கடையின் பெயர், தேநீர்க் கடையின் பெயர், மழலையர் பள்ளியின் பெயர், புடவைக் கடையின் பெயர் என்று அது பலவகைப்படும். அந்தப் பெயரைப் பலகையில் எழுதி, அந்த நிறுவனத்தின் முறைப்படி நம் செலவில் கடை நடத்திக்கொள்ளும் உரிமையைத்தான் ‘ஃபிரான்சைஸ்’ என்கிறோம். தமிழில் கிளை உரிமை எனலாம். மூன்று தறிகளை ஓட்டிக் களைத்த ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். வளைகுடாவில் மகன் பத்தாண்டுகள் உழைத்துச் சேர்த்ததும், மருமகளின் நகையை அடகு வைத்துப் பெற்றதும் அந்தப் பெயருக்காகக் கைமாறுகின்றன. ஏற்கெனவே திறந்த கிளைகளில் எத்தனை மூடப்பட்டன, ஏன் மூடப்பட்டன என்பது விற்பவருக்குத் தெரியும். வாங்குபவருக்குத் தெரியாது.

தெரிந்ததைச் சொல்லும் கடமை விற்பவருக்கு உண்டா? இக்கேள்விக்கு வெவ்வேறு காலங்களும் நாடுகளும் வெவ்வேறு விடை கூறியுள்ளன. அந்த வரலாற்றை அறிந்துகொள்வது, ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் நம் பேனாவைச் சற்று நிறுத்தி வைக்க உதவும்.

ஓர் ஒட்டகமும் ஒரு துணி மூட்டையும்

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் வணிக ஒழுக்கம் பற்றிப் பேசுமிடத்தில் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுகிறார்கள். ஒருவர் தம் ஒட்டகத்தை முந்நூறு திர்ஹமுக்கு விற்றார். நபித்தோழர் வாஸிலா இப்னுல் அஸ்கஃ (ரலி) அவர்கள் அருகில் நின்றிருந்தும் கவனியாதிருந்துவிட்டார்கள். வாங்கியவர் ஒட்டகத்தை ஓட்டிக்கொண்டு போன பிறகே உணர்ந்து, பின்னாலேயே ஓடிச் சென்றார்கள். இதை இறைச்சிக்காக வாங்கினீரா, சவாரிக்காக வாங்கினீரா என்று வினவினார்கள். சவாரிக்கு என்று விடை வந்ததும், அதன் பாதத்தில் ஓட்டை இருப்பதைத் தாம் கண்டிருப்பதாகவும், தொடர்ந்து நெடுந்தூரம் நடக்க அதனால் இயலாது என்றும் தெரிவித்தார்கள். வாங்கியவர் திரும்பி வந்தார். விற்றவர் நூறு திர்ஹம் குறைத்துக்கொள்ள நேர்ந்தது. என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே என்று அவர் வருந்தியபோது, குறையை விளக்காமல் விற்பது எவருக்கும் ஆகுமானதன்று என்றும், குறையை அறிந்தவர் அதை விளக்காமலிருப்பதும் ஆகுமானதன்று என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறக் கேட்டதாக வாஸிலா (ரலி) பதிலளித்தார்கள்.

இந்நிகழ்ச்சியில் இரண்டு செய்திகள் உள்ளன. முதலாவது, எந்த நோக்கத்திற்காக வாங்கப்படுகிறதோ அந்த நோக்கத்தைக் கொண்டே குறை அளக்கப்படுகிறது. அறுக்கப்போகும் ஒட்டகத்தின் பாதத்தில் ஓட்டை இருந்தால் பொருட்டில்லை. பயணம் போகும் ஒட்டகத்திற்கு அதுவே பெருங்குறை. இரண்டாவது, வாஸிலா (ரலி) விற்பவருமல்லர், வாங்குபவருமல்லர். பக்கத்தில் நின்றவர். குறையை அறிந்திருந்தார் என்பதாலேயே சொல்லும் கடமை அவர்மேலும் விழுந்தது.

அடுத்த நூற்றாண்டில் கூஃபா நகரத்தில் இதே கொள்கை துணிக்கடைக்குள் வந்தது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் மார்க்கச் சட்டமேதை மட்டுமல்லர். பட்டு கலந்த துணி விற்ற வணிகருமாவார்கள். ஹிஜ்ரி 150இல், அதாவது கி.பி. 767இல், அவர்கள் மறைந்தார்கள். அவர்களின் கூட்டாளியாக இருந்தவர் ஹஃப்ஸ் இப்னு அப்துர் ரஹ்மான். ஒருமுறை அவரிடம் துணிகளைக் கொடுத்தனுப்பிய இமாம், அவற்றுள் ஒரு துணியில் குறை இருப்பதையும், விற்கும்போது அதைச் சொல்ல வேண்டும் என்பதையும் எடுத்துரைத்தார்கள். ஹஃப்ஸ் மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாம் அந்தச் சரக்கில் கிடைத்த தொகை முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள் என்று அவர்களின் வாழ்க்கை வரலாறு எழுதியோர் குறிப்பிடுகின்றனர். நெசவும் துணி வணிகமும் நடக்கும் ஊரில் வாழ்பவர்களுக்கு இச்செய்தியின் எடை எளிதில் புரியும். ஒரு துணியின் குறைக்காக முழு மூட்டையின் பணத்தையும் விட்டுக்கொடுத்தவர் வகுத்த சட்ட வழியைத்தான், வட ஆற்காட்டுப் பகுதி முஸ்லிம்களில் பெரும்பாலோர் இன்றும் பின்பற்றி வருகிறார்கள்.

பின்னர் ஃபிக்ஹ் நூல்கள் இதை ஒழுங்கான சட்டமாக்கின. வாங்கிய பொருளில் மறைந்த குறை வெளிப்பட்டால், திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. அதற்குக் ‘கியாருல் ஐப்’ என்று பெயர். எண்ணிப் பார்க்க அவகாசம் கேட்டு வாங்கும் உரிமை ‘கியாருஷ் ஷர்த்’ எனப்பட்டது. ஹனஃபி, ஷாஃபி அறிஞர்கள் அதற்கு மூன்று நாள் எல்லை வைத்தார்கள். இவையன்றி நம் பொருளுக்கு மிக நெருக்கமான வேறொரு வகையும் உண்டு. அடக்க விலையைச் சொல்லி அதன்மேல் இலாபம் வைத்து விற்கும் முராபஹா போன்றவற்றை, நம்பிக்கையின் பேரில் நடக்கும் விற்பனை என்று தனியாகப் பிரித்தார்கள். ஏனெனில் அங்கே வாங்குபவர் தம் கண்ணால் சரக்கைப் பார்த்து விலையை முடிவு செய்வதில்லை. விற்பவர் சொல்லும் கணக்கையே நம்புகிறார். கணக்கில் பொய் இருந்தால் விற்பனையின் அடித்தளமே ஆட்டம் காண்கிறது. கிளை உரிமை வாங்குபவரின் நிலையும் இதுவே. மாத விற்பனை இவ்வளவு, போட்ட முதல் இத்தனை மாதத்தில் திரும்பும் என்று சொல்லப்படும் எண்களைத் தவிர அவர் கையில் வேறொன்றும் இல்லை.

1872: சட்டப் புத்தகத்தில் ஒரு குதிரை

இந்தியாவில் இன்று ஆரணியில் எழுதப்படும் கிளை உரிமை ஒப்பந்தத்தை ஆளும் அடிப்படைச் சட்டம், பிரிட்டிஷ் ஆட்சியில் 1872 செப்டம்பர் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த இந்திய ஒப்பந்தச் சட்டம். அதன் 17ஆம் பிரிவு மோசடி எது என்று வரையறுக்கிறது. பொய் என்று அறிந்தே ஒன்றை உண்மையெனக் கூறுவது மோசடி. தெரிந்த உண்மையை முனைந்து மறைப்பது மோசடி. நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் வாக்குறுதி தருவதும் மோசடி. ஆனால் வெறுமனே பேசாதிருப்பது பொதுவாக மோசடியாகாது என்று அப்பிரிவின் விளக்கக் குறிப்பு கூறுகிறது. அதற்கு இரண்டு விலக்குகள்தாம். பேச வேண்டிய கடமை விற்பவருக்கு இருக்கும் சூழ்நிலை ஒன்று. மௌனமே பேச்சுக்கு இணையாகிவிடும் சூழ்நிலை மற்றொன்று.

இதை விளக்கச் சட்டம் எடுத்துக்கொண்ட உதாரணம் ஒரு குதிரை. ஒருவர் தம் குதிரைக்கு உடல்குறை உண்டென்று அறிந்தும், அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் ஏலத்தில் விற்கிறார். இது மோசடியாகாது என்கிறது முதல் உதாரணம். வாங்குபவர் அப்போதுதான் பருவ வயதை எட்டிய அவருடைய மகள் என்றால், அந்த உறவின் காரணமாகக் குறையைச் சொல்லும் கடமை உண்டு என்கிறது இரண்டாவது. மூன்றாவது உதாரணத்தில் வாங்குபவர் விற்பவரை நோக்கி, நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நலமாக இருப்பதாகவே எடுத்துக்கொள்வேன் என்று கூறுகிறார். விற்பவர் வாய் திறக்கவில்லை. இங்கே அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். இந்த மூன்றாம் உதாரணத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். கட்டுரையின் முடிவில் அது நமக்குத் தேவைப்படும்.

ஒட்டகத்தின் குறையைச் சொல்லப் பின்னால் ஓடியவரின் மரபுக்கும், குதிரையின் குறையைச் சொல்லாதவரை விட்டுவிடும் மரபுக்கும் இடையே பெரும் தொலைவு உண்டு. ஆயினும் ஆங்கிலேயச் சட்டத்தை இகழ்ந்துவிட்டுப் போவது நேர்மையாகாது. சந்தையில் நிற்கும் குதிரையின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கலாம், நடக்கவிட்டுக் காலைப் பார்க்கலாம் என்ற எண்ணம் அதன் பின்னால் இருந்தது. வாங்குபவரால் பார்த்து அறிய முடியாத இடங்களில் அதே சட்ட மரபு வேறு வழியை எடுத்தது. காப்பீடு அதற்குச் சான்று. எல்.ஐ.சி. படிவத்தில் நம் நோய்களை ஒன்றுவிடாமல் எழுத வேண்டியிருப்பதும், மறைத்தால் இழப்பீடு மறுக்கப்படக்கூடியதும் இதனால்தான். உண்மை ஒரு தரப்பின் நெஞ்சுக்குள் மட்டுமே இருக்குமானால், அந்தத் தரப்பு பேசியாக வேண்டும்.

ஆகவே எஞ்சியிருந்த கேள்வி, கிளை உரிமை குதிரையைப் போன்றதா, காப்பீட்டைப் போன்றதா என்பதே. அதற்கு விடை காண ஒரு நூற்றாண்டு ஆயிற்று. விடை கிடைத்ததும் இந்தியாவில் அன்று.

கோழி விற்காமல் கடை விற்றவர்கள்

பெயரையும் பகுதி உரிமையையும் விற்கும் பழக்கம் புதிதன்று. நம் ஊர்த் தையற்கடைகளில் பழக்கமான சிங்கர் தையல் இயந்திர நிறுவனமே 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், குறிப்பிட்ட பகுதியில் தன் இயந்திரத்தை விற்கும் உரிமையைத் தனி நபர்களுக்குப் பணத்துக்குக் கொடுத்தது. ஆனால் இம்முறை பேரளவில் பரவியது, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய அமெரிக்காவில்தான். 1950களிலும் 1960களிலும் அங்கே உணவகம், தங்கும் விடுதி, சலவைக் கடை என்று எல்லாமே கிளை உரிமையாக விற்கப்பட்டன. போரிலிருந்து திரும்பியவர்களும் ஓய்வுபெற்றவர்களும் தங்கள் சேமிப்பை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

அந்த அலையின் கெட்ட பாடத்திற்கு ‘மின்னி பேர்ல்ஸ் சிக்கன்’ அடையாளமாயிற்று. டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில், புகழ்பெற்ற நகைச்சுவைக் கலைஞர் ஒருவரின் பெயரை வைத்து 1960களின் பிற்பகுதியில் தொடங்கப்பட்ட வறுத்த கோழிக் கடைத் தொடர் அது. உரிமைகள் மளமளவென்று விற்றன. திறக்கப்பட்ட கடைகளோ அவற்றில் சிறு பகுதியே. உரிமைக் கட்டணத்தில் இன்னும் கைக்கு வராத தொகையையும், கடை திறக்கப்படுமுன்பே, ஒப்பந்தம் எழுதிய உடனேயே வருமானமாகக் கணக்கில் காட்டினார்கள். ஏட்டில் இலாபம் பொங்கியது. பங்கு விலை ஏறியது. கோழி விற்று வரும் வருமானத்தைவிட, கோழி விற்கும் உரிமையை விற்று வரும் வருமானமே நிறுவனத்தைத் தாங்கி நின்றது. புதிதாக உரிமை வாங்க ஆள் குறைந்ததும் எல்லாம் சரிந்தது.

இத்தகைய சரிவுகளைக் கண்ட கலிஃபோர்னியா மாநிலம், 1970இல் கிளை உரிமை முதலீட்டுச் சட்டத்தை இயற்றி 1971 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்தியது. உரிமையை விற்குமுன் அரசிடம் பதிவு செய்து, விவரங்களை எழுத்தில் வாங்குபவரிடம் தர வேண்டும் என்றது அது. பின்னர் அமெரிக்கக் கூட்டரசின் வணிக ஆணையம் நாடு முழுமைக்குமான விதியை 1978 டிசம்பரில் வெளியிட்டது; 1979 அக்டோபர் 21 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 2007இல் அது திருத்தி எழுதப்பட்டது.

அந்த விதி விலையை நிர்ணயிக்கவில்லை. இலாபத்துக்கு உத்தரவாதமும் தரவில்லை. கையெழுத்துக்கும் பணத்துக்கும் குறைந்தது 14 நாட்களுக்கு முன், 23 தலைப்புகளில் உண்மையை எழுதிக் கையில் கொடு என்று மட்டும் கூறுகிறது. நிறுவனத்தை நடத்துபவர்கள் யார், அவர்கள்மீது என்ன வழக்குகள் உள்ளன, திவால் ஆனதுண்டா, தொடக்கக் கட்டணம் எவ்வளவு, பிறகு மாதந்தோறும் என்னென்ன செலுத்த வேண்டும், மூலப்பொருளை அவர்களிடமே வாங்க வேண்டுமா, பக்கத்துத் தெருவில் இன்னொரு கிளை திறக்க மாட்டார்கள் என்ற உறுதி உண்டா, ஒப்பந்தம் எப்படி முறியும், தணிக்கை செய்த கணக்கு எங்கே என்று அத்தலைப்புகள் நீள்கின்றன. வருமானக் கணிப்பு சொல்வது கட்டாயமில்லை. சொன்னால் அதற்கு நியாயமான ஆதாரம் இருக்க வேண்டும்.

அவற்றுள் 20ஆம் தலைப்பு தனிக் கவனத்துக்கு உரியது. கடந்த ஆண்டுகளில் எத்தனை கிளைகள் திறந்தன, எத்தனை மூடின என்ற பட்டியலோடு, கடந்த ஓராண்டில் விலகிச் சென்ற உரிமையாளர்களின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தர வேண்டும் என்கிறது அது. வென்றவரை மேடையேற்றுவது எளிது. தோற்றவரின் முகவரியைக் கொடு என்று அந்த விதி கேட்கிறது. ஒட்டகத்தின் பாதத்தைத் தூக்கிக் காட்டச் சொல்வது போன்றது இது.

மலேசியா எழுதிய சட்டம்

அமெரிக்கா தொலைவில் இருக்கிறது என்று எண்ண வேண்டாம். நம்மில் பலருக்கு உறவினர் வாழும் மலேசியாவில், தமிழ் முஸ்லிம்களின் உணவகங்கள் ஊரெங்கும் நிற்கும் அந்நாட்டில், 1998ஆம் ஆண்டிலேயே ஃபிரான்சைஸ் சட்டம் இயற்றப்பட்டு, 1999 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அங்கே உரிமையை விற்க விரும்புபவர் முதலில் அதற்கான பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்தாவதற்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன் விவர ஆவணத்தையும் ஒப்பந்த நகலையும் வாங்குபவரிடம் கொடுக்க வேண்டும். கையெழுத்தான பிறகும் குறைந்தது ஏழு வேலைநாட்கள் அவகாசம் உண்டு. அதற்குள் மனம் மாறினால் வாங்கியவர் விலகிக்கொள்ளலாம். விற்றவர் தாம் செய்த நியாயமான செலவைக் கழித்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தர வேண்டும். எண்ணிப் பார்க்க அவகாசம் தரும் பழைய ஃபிக்ஹ் விதியின் நினைவு, இதைப் படிக்கும்போது நமக்கு வராமல் போகாது.

ஆஸ்திரேலியா 1998இலும், சீனா 2007இலும் தத்தம் விதிகளை எழுதின. பிரான்சு 1989இன் இறுதியிலேயே எழுதிவிட்டது. பார்த்து அறிய முடியாத சரக்கை விற்பவர் பேசியாக வேண்டும் என்பதில் இந்நாடுகள் ஒத்துப்போகின்றன.

நம் நாட்டில்

இந்தியாவில் கிளை உரிமைக்கெனத் தனிச் சட்டம் இன்றுவரை இல்லை. விற்பனைக்கு முன் விவர ஆவணம் தர வேண்டும் என்ற பொதுக் கட்டாயமும் இல்லை. வரிச் சட்டம் மட்டும் முந்திக்கொண்டது: 2003இல் கிளை உரிமை சேவை வரிக்குள் கொண்டுவரப்பட்டபோது, ஃபிரான்சைஸ் என்றால் என்ன என்று அது வரையறுத்தது. வரி வாங்க வேண்டிய அளவுக்கு அது தனிவகை வணிகம் என்று அரசு கண்டுகொண்டது. வாங்குபவரைக் காக்க வேண்டிய அளவுக்கு இன்னும் கண்டுகொள்ளவில்லை.

பிற துறைகளோடு ஒப்பிட்டால் இடைவெளி தெளிவாகும். பொதுமக்களுக்குப் பங்கு விற்கும் நிறுவனம், இடர்களையும் வழக்குகளையும் பட்டியலிட்டு விவர அறிக்கை வெளியிட வேண்டும். அடுக்குமாடி வீடு கட்டி விற்பவர், 2016ஆம் ஆண்டின் மனைவணிகச் சட்டப்படி, திட்டத்தைப் பதிவு செய்து விவரங்களை இணையத்தில் இட வேண்டும். நூறு ரூபாய்ப் பங்குக்கு அறிக்கை உண்டு. இருபது இலட்ச ரூபாய்க் கிளை உரிமைக்கு வண்ணத் துண்டறிக்கையே போதும் என்பதுதான் இன்றைய நிலை. நுகர்வோர் நீதிமன்றத்தை நாடுவதும் எளிதன்று. வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் பொதுவாக நுகர்வோர் என்ற வரையறைக்குள் வருவதில்லை.

இந்த வெற்றிடத்தின் விலையைத் தமிழகம் வேறு வடிவில் ஒருமுறை கொடுத்தது. கொங்குப் பகுதியில், பெருந்துறையை மையமாகக் கொண்டு பரவிய ஈமு கோழித் திட்டங்களை மறந்திருக்க மாட்டோம். குஞ்சும் தீவனமும் தருகிறோம், மாதந்தோறும் தொகை தருகிறோம், பறவையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்று கூறி முதலீடு பெறப்பட்டது. 2012இல் அவை சரிந்தபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சிக்கின. அது சட்டப்படி கிளை உரிமை அன்று; முதலீட்டாளர் பாதுகாப்புக்கான 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின்கீழ் வழக்குகள் நடந்தன. ஆனால் உள்ளமைப்பு மின்னி பேர்ல் கடையினுடையதே. பறவையின் இறைச்சிக்கு உண்மையான சந்தை எங்கே, புதிய முதலீட்டாளர் வருவது நின்றால் பணம் எங்கிருந்து வரும் என்ற இரண்டு கேள்விகளுக்கு எழுத்தில் விடை கேட்கப்பட்டிருந்தால், பலர் தப்பித்திருப்பார்கள்.

மௌனத்தைப் பேச வைப்பது

அப்படியானால் ஆரணியின் அந்தத் தறிக்காரக் குடும்பத்துக்குப் பாதுகாப்பே இல்லையா? உண்டு, ஆனால் அதை அவர்களே எடுத்துக்கொள்ள வேண்டும். 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் உதாரணம் இங்கேதான் கைகொடுக்கிறது. கேட்காதவரை மௌனம் வெறும் மௌனம். குறிப்பிட்டுக் கேட்ட பிறகு அது பேச்சாகிவிடலாம். பொய்யான விடை வந்தால் அது ஐயமின்றி மோசடி. ஆகவே நேரில் தேநீர் அருந்தியபடி கேட்பதோடு நில்லாமல், கடிதத்திலோ மின்னஞ்சலிலோ கேட்க வேண்டும்; விடையையும் எழுத்தில் பெற வேண்டும்; அந்தக் கடிதப் போக்குவரத்து ஒப்பந்தத்தின் பகுதி என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். எழுத்தில் இல்லாத எந்த வாக்குறுதிக்கும் நிறுவனம் பொறுப்பாகாது என்ற வரி பெரும்பாலான ஒப்பந்தங்களின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் என்பதை மறக்கலாகாது.

அதே சட்டத்தின் 19ஆம் பிரிவு ஓர் எச்சரிக்கையையும் வைத்திருக்கிறது. சாதாரணக் கவனத்தோடு விசாரித்திருந்தால் உண்மையை அறிந்திருக்கலாம் என்ற நிலை இருந்தால், எதிர்த்தரப்பின் மௌனத்தைக் காரணம் காட்டி ஒப்பந்தத்தை இரத்துச் செய்ய முடியாமல் போகலாம். எனவே கேட்பதோடு விசாரிக்கவும் வேண்டும். அமெரிக்கப் பட்டியலையும் மலேசியச் சட்டத்தையும் நம் நிலைக்கு ஏற்பச் சுருக்கினால், இந்த ஏழு கேள்விகள் தேறும்:

1. இதுவரை எத்தனை கிளைகள் விற்கப்பட்டன, எத்தனை நடக்கின்றன, கடந்த மூன்றாண்டுகளில் எத்தனை மூடப்பட்டன?

2. விலகிச் சென்றவர்கள் இருவர் மூவரின் தொலைபேசி எண் கிடைக்குமா?

3. பெயர் யாருக்குச் சொந்தம்? 1999ஆம் ஆண்டு வர்த்தகக் குறிச் சட்டப்படி பதிவாகியிருக்கிறதா, அல்லது விண்ணப்பம் மட்டும்தான் போடப்பட்டுள்ளதா? வர்த்தகக் குறிப் பதிவேட்டை இணையத்தில் எவரும் கட்டணமின்றித் தேடிப் பார்க்கலாம்.

4. நிறுவனத்தின் வருமானத்தில் எவ்வளவு கிளை உரிமை விற்று வருவது, எவ்வளவு உண்மையான வியாபாரத்தில் வருவது? நிறுவனம் கம்பெனியாகப் பதிவாகியிருந்தால், அது தாக்கல் செய்த ஆண்டுக் கணக்கைச் சிறு கட்டணத்தில் பார்க்க இயலும்.

5. சொல்லப்படும் மாத விற்பனை எந்தக் கிளையின், எந்த ஆண்டின் கணக்கு? ஆரணி அளவுள்ள ஊர் ஒன்றின் கணக்கு உண்டா?

6. முதல் கட்டணம் போக, மாதப் பங்கு, விளம்பரப் பங்கு, கட்டாயக் கொள்முதல், உள்ளலங்காரச் செலவு எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு?

7. கடை ஓடாவிட்டால் எப்படி விலகுவது? முன்பணத்தில் எவ்வளவு திரும்பும்? விலகிய பின் அதே தொழிலைச் சொந்தப் பெயரில் நடத்தத் தடை உண்டா?

விடை தர மறுக்கும் நிறுவனத்தைப் பற்றி அந்த மறுப்பே போதிய தகவல் தருகிறது. நல்ல நிறுவனங்கள் இக்கேள்விகளுக்கு முகம் சுளிப்பதில்லை. இந்நாட்டிலும் சட்டக் கட்டாயம் இல்லாமலேயே விவர ஆவணம் தருவோர் இருக்கிறார்கள். கையெழுத்துக்கும் கேள்விக்கும் இடையே இரண்டு வாரங்களாவது இடைவெளி விடுங்கள். இன்றே முன்பணம் தராவிட்டால் உங்கள் ஊர் வேறொருவருக்குப் போய்விடும் என்ற அவசரத்தைத் தடுக்கத்தான் பிற நாடுகள் 14 நாள், 10 நாள் என்று சட்டத்தில் எழுதி வைத்தன.

நாம் விற்பவராக இருக்கும்போது

இந்த வரலாற்றை வாங்குபவரின் பக்கத்திலிருந்து மட்டும் படித்தால் அது முழுமையாகாது. நம் சமுதாயத்தில் பிரியாணி, பேக்கரி, அத்தர், ஆயத்த ஆடை என்று பெயர் எடுத்த கடைகள் பல. அவற்றின் பெயரைக் கிளைகளாக விற்கத் தொடங்கியிருப்போரும் உண்டு. ஆம்பூரிலோ வேலூரிலோ நன்றாக ஓடும் கடை ஆரணியில் ஓடாமல் போகலாம். அதை முன்பே அறிந்தவர், சட்டம் கேட்கவில்லை என்பதற்காகச் சொல்லாமல் இருந்துவிடலாமா? நாட்டுச் சட்டத்தின் குதிரை அவரை விட்டுவிடக்கூடும். கூஃபாவின் துணி வணிகர் விட்டிருக்க மாட்டார். மூடிய கிளைகளின் பட்டியலை வாங்குபவர் கேட்குமுன்பே எடுத்து வைப்பவரின் பெயருக்குத்தான் நாளடைவில் உண்மையான விலை கூடும்.

இடையில் நிற்பவர்களுக்கும் ஒரு சொல். தரகுத் தொகைக்காக இரு தரப்பையும் சேர்த்து வைக்கும் நண்பர், அந்தக் கிளையை நடத்தி நட்டப்பட்டு வெட்கத்தால் பேசாதிருக்கும் உறவினர், கணக்கு எழுதும்போது உள்விவரம் கண்ட கணக்கர் ஆகியோர் ஒட்டகச் சந்தையில் பக்கத்தில் நின்றவரின் இடத்தில் இருக்கிறார்கள். தாம் பட்ட நட்டத்தை மறைத்து வைப்பது மானம் என்று நாம் பழகிவிட்டோம். அந்த மறைப்பினால் இன்னொரு வீட்டுத் தறி விற்கப்படுமானால், அது மானமாகுமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆரணியில் பாவு போடுபவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். பாவில் ஓர் இழை அறுந்திருந்தால் அதை அங்கேயே பிணைத்துவிட வேண்டும். கவனியாமல் நெய்துகொண்டே போனால் புடவை முழுவதும் அந்தக் கோடு ஓடும். ஒப்பந்தமும் அத்தகையதே. தொடக்கத்தில் சொல்லப்படாத ஓர் உண்மை, கடைசிப் பக்கம் வரை கூடவே வரும். அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கலில் உண்மையையும் பரக்கத்தையும் தருவானாக.